பாதியில் நிற்காத ஷட்டர்

"பெயர்: சவரி. தொழில்: விவசாயக் கூலி. வலது மணிக்கட்டும் முழங்கையும் நிரந்தரமாகச் செயல்திறன் இழந்தவை. பளு தூக்குதல், இழுத்தல், திருகுதல் ஆகிய வேலைகளுக்குத் தகுதியற்றவர். உட்கார்ந்த நிலையில் செய்யக்கூடிய இலகுவான பணிகளுக்கு ஏற்றவர்."

மாற்றுத்திறனாளி அட்டைக்காக ஒரு முகாமில் மருத்துவக் குழு பார்த்து எழுதிக் கொடுத்த வாசகம் இது. இதில் பெயர் சரி. விவசாயக் கூலி வேலையை அவர் இளவயதிலேயே விட்டாயிற்று. தூக்குவது, இழுப்பது, திருகுவது மூன்றும் சேர்ந்ததுதான் அவர் தொழில். உட்கார்ந்த நிலையில் அவர் செய்த ஒரே காரியம் டீ குடிப்பது. அதையும் பாதி நாள் நின்றுகொண்டேதான் செய்தார்.

பொம்மிடியிலிருந்து மொரப்பூர் வரைக்கும் கடை ஷட்டர்களுக்கு ஸ்பிரிங் முறுக்குகிறவர் சவரி. ஷட்டர் என்றால் ஊருக்குத் தெரிவது தகடு. சவரிக்குத் தெரிவது அதன் தலைமாட்டில், கண்ணுக்குப் படாமல், ஒரு இரும்புப் பைப்பைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங். ராத்திரி கடைக்காரர் ஷட்டரைக் கீழே இழுக்கும்போது அது முறுக்கேறுகிறது. காலையில் தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, பாரத்தில் பெரும்பங்கை அதுவே தூக்கிக் கொடுக்கிறது. ஆக, கடையைச் சாத்துகிறவர் மறுநாள் திறப்பதற்கான உழைப்பையும் முந்தின நாளே போட்டு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். ஆனால் அது அவருக்குத் தெரியாது. காலையில் ஒற்றைக் கையால் ஷட்டர் மேலே போனதும் தன் தெம்பை மெச்சிக்கொண்டு சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். ஸ்பிரிங்குக்கு நன்றி சொன்ன கடைக்காரரை சவரி பார்த்ததில்லை. சவரிக்குச் சொன்னவர்களும் கொஞ்சம்தான்.

முறுக்கும்போது யாருக்கும் பெரிதாக அடிபடுவதில்லை. விடும்போதுதான் அடிபடும். மொரப்பூரில் ஒரு உரக்கடையின் பழைய ஸ்பிரிங்கை மாற்றப் போயிருந்தார் சவரி. மாற்றுவதற்கு முன்னால் முறுக்கை இறக்க வேண்டும். பைப்பில் ரெஞ்சைக் கவ்வவிட்டு, பூட்டியிருக்கும் போல்ட்டை உருவி, கையால் தாங்கித் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அன்றைக்கு ரெஞ்சு வழுக்கியது. உரக்கடைக்காரர் வருஷக்கணக்காக ராத்திரிதோறும் இழுத்து இழுத்து ஏற்றியதையெல்லாம் ஸ்பிரிங் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்ததுபோல இருந்தது அந்த அடி. ரெஞ்சின் நீளப் பிடி சுழன்று வந்து மணிக்கட்டையும் முழங்கையையும் உடைத்தது. எலும்பு கூடியது. கை கூடவில்லை. மணிக்கட்டு மடங்காது, இரண்டு விரல்கள் சேராது.

குணமானதும் அவர் முதலில் இடது கையால் ரெஞ்சு பிடிக்கப் பழகினார். பிறகு அட்டை வாங்கினார். அட்டை பஸ்ஸில் சலுகைக்கு உதவியது. அந்த பஸ் அவரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது.

அவர் மனைவி அருள்ராணிக்கு இது பொறுக்காது. "முறுக்கறதுக்கு ஆவாத கைன்னு எழுதிக் குடுத்த அட்டையக் காட்டி, முறுக்கறதுக்கே பஸ்ஸேறிப் போற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா" என்பார். சவரி சிரிப்பார்.

பொம்மிடிக் கடைத்தெருவில் சென்னப்பன் என்பவருக்கு வரிசையாக நாலு கடை கொண்ட கட்டடம் உண்டு. அதில் மூன்றாவது கடை பானுமதியுடையது. வளையல், கிளிப், நைட்டி, பாவாடை நாடா, மீட்டர் கணக்கில் எலாஸ்டிக். எலாஸ்டிக் வாங்க வருகிறவர்கள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். நீண்டுகொடுத்தால் "தொளதொளன்னு இருக்குதே" என்பார்கள். கொடுக்காவிட்டால் "இழுவையே இல்லயே" என்பார்கள். பானுமதி இரண்டுக்கும் "ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டு அளந்து கத்தரிப்பாள். பக்கத்துத் தெருக் கடையில் எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து அளப்பார்கள். இவள் தளரவிட்டு அளப்பாள். இந்த நல்ல விஷயத்தைப் பொம்மிடியில் யாரும் பேசவில்லை. அவளைப் பற்றிப் பேசுவதற்கு ஊருக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

அவள் புருஷன் மாது பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவன். முதலில் வருவது குறைந்தது. பிறகு போன் குறைந்தது. பிறகு, அங்கே அவனுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்கிற செய்தி மட்டும் தவறாமல் வந்தது. இதற்கு நடுவில் பானுமதிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் போட்ட இடத்தில் பிறகு குடல் பிதுங்கிக்கொண்டது. கனமாக எதையும் தூக்கக்கூடாது, தூக்கினால் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். டாக்டர் குழந்தையையும் குடத்தையும் மனதில் வைத்துச் சொன்னார். பானுமதி தினமும் காலையில் தூக்க வேண்டியிருந்தது பத்தடி அகல ஷட்டர். கடைதான் அவள் சோறு. அதைத் திறந்தால்தான் கடை.

அவள் சவரியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணா, காலையில தொறக்கறப்ப உசுரே போவுது. கொஞ்சம் லேசா பண்ணிக் குடுங்க."

சவரி ஷட்டரை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஸ்பிரிங்கு ஓஞ்சி போச்சும்மா. புதுசு மாத்தணும். சென்னப்பண்ணங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். 'தூக்க முடியலன்னா ஆள வெச்சித் தூக்கு, அதும் முடியலன்னா கடைய வுட்டுடு, கேக்கறதுக்கு ஆளு இருக்குது'ங்கறாரு."

"நாம மாத்திக்கறதுன்னாலும் அவரு சம்மதிக்கணுமே. வேணுமின்னா இருக்கறதுலயே ரெண்டு சுத்து ஏத்தி வுடலாம். தொறக்கறது லேசாயிரும். ஆனா சாத்தறப்ப மேல இழுக்கும். ஒனக்கு அதும் செரமந்தான்."

"இழுக்கறதுக்கு என்னாண்ணா? கொக்கியப் போட்டுத் தொங்குனா வந்துட்டுப் போவுது. ஒடம்பு எடையே போதும். தூக்கறதுக்குத்தான் வயிறு வேணும்."

சவரிக்குக் கை போன நாளிலிருந்து, எந்த வேலைக்கு உடம்பின் எந்த இடம் செலவாகிறது என்பதைப் பற்றி ஒரு ஞானம் வந்திருந்தது. அவள் சொன்னது சரி. ஸ்டூல் போட்டு ஏறினார். இடது கையால் ரெஞ்சைப் பிடித்து, வலது முழங்கையால் முட்டுக் கொடுத்து, பைப்பை இரண்டு சுற்று கூடுதலாக முறுக்கி போல்ட்டை மாட்டினார். தரையிலிருந்து பானுமதி ஒரு விரலைக் கொடுத்ததும் ஷட்டர் பட்டமாக மேலே போனது. அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. கொக்கியை மாட்டித் தொங்கினாள். கீழே வந்தது. பூட்டுப் போட்டாள்.

மேலே வைத்துப் பார்த்தாயிற்று, கீழே வைத்துப் பார்த்தாயிற்று. நடுவில் நிறுத்திப் பார்க்கவில்லை.

நல்ல ஷட்டர் விட்ட இடத்தில் நிற்கும். ஓய்ந்துபோன ஸ்பிரிங்கைக் கூடுதலாக முறுக்கினால் அப்படி நிற்காது. தரையில் இருக்கும்போது தொங்குகிற முழுப் பாரத்துக்கும் அது ஈடுகொடுக்கும். பாதி ஏறிய பிறகு தொங்குகிற பாரம் பாதிதான். ஆனால் ஸ்பிரிங்கின் ஆத்திரம் அந்த அளவுக்குத் தணிவதில்லை. மிச்சத்தையும் சேர்த்து மேலே அடித்துத் தள்ளும். சவரிக்கு இது தெரியாததல்ல. ஆனால் கடையைப் பாதி மூடி வைத்துக்கொண்டு யார் வியாபாரம் செய்கிறார்கள்?

வியாபாரத்துக்கு வேண்டாம்தான். செத்தவர்களுக்கு வேண்டும். பொம்மிடிக் கடைத்தெரு வழியாகச் சாவு போனால், பாடை கடக்கும்வரை ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பது வழக்கம். முழுக்கச் சாத்தினால் வியாபாரம் போய்விடும், சாத்தாமல் விட்டால் மரியாதை போய்விடும். இரண்டையும் காப்பாற்றுகிற உயரம் இடுப்பளவு என்று கடைத்தெரு எப்போதோ முடிவு செய்திருந்தது. அந்த உயரத்தைப் பற்றித்தான் சவரியும் பானுமதியும் அன்றைக்கு நினைக்கவில்லை. யாரும் செத்துப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஷட்டரை யாரும் ரிப்பேர் செய்வதில்லை.

செத்தது சென்னப்பனின் அம்மா குள்ளம்மாள்.

நிறைந்த வயது. பேரன் பேத்தி எடுத்த சாவு. பூத்தேர் கட்டி, மேளம் வைத்து, பட்டாசு வெடித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். சவரி எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்தார். மேளம் கேட்டதும் கிளாஸை வைத்துவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். தெருவின் இருபுறமும் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இடுப்பளவுக்கு இறங்கின. பானுமதியும் கொக்கியை மாட்டிப் பாதிக்கு இழுத்து விட்டாள். அது நின்றது. பிறகு ஒரு சாண் ஏறியது.

கடைத்தெருவில் அந்த நேரத்தில் அடுத்து நடக்கப்போவது தெரிந்த ஒரே ஆள் சவரி.

அவள் மறுபடி இழுத்தாள். மறுபடி ஏறியது. இந்தத் தடவை அவள் கொக்கிக் கம்பியை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றாள். தெருவின் அகலம் இருபதடி இருக்கும். நாலு எட்டு வைத்தால் போய்ப் பிடித்துவிடலாம். ஆனால் பூத்தேர் நடுவில் வந்துகொண்டிருந்தது. வருகிற பிணத்துக்குக் குறுக்கே தெருவைத் தாண்டுகிற ஆள் அந்த ஊரில் பிறக்கவில்லை. சவரி நின்றார். எட்டு வைக்கத் தூக்கிய காலைத் திரும்பக் கீழே வைத்தார்.

தேர் சரியாகக் கடைக்கு எதிரில் வரும்போது கொக்கி நழுவியது. ஷட்டர் மேலே போய் மோதிய சத்தத்தில் மேளம் ஒரு கணம் தப்பியது. முன்னால் தூக்கியவன் தடுமாறித் தேர் சாய்ந்து ஒரு மாலை அவிழ்ந்து விழுந்தது. தெருவே மரியாதையாகப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அந்த ஒரு கடை முழுக் கண்ணையும் விழித்துக் குள்ளம்மாளைப் பார்த்தது. உள்ளே ட்யூப்லைட் எரிந்தது. வளையல்கள் மின்னின. நைட்டிகள் ஆடின. கொக்கிக் கம்பியோடு பானுமதி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கொள்ளிச்சட்டி பிடித்து முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. சென்னப்பன் திரும்பிப் பார்த்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் சவரி அவர் வீட்டுக்குப் போனார். சென்னப்பன் மொட்டைத் தலையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தார். அந்தக் கடையை ஒரு செல்போன் கடைக்காரருக்கு விடுவதற்கு வெகுநாளாக அவருக்கு எண்ணம் உண்டு என்பது ஊருக்கே தெரியும். அம்மா செத்ததற்கு அவர் பட்ட துக்கமும் நிஜம். இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார்ந்திருந்தன.

"சொல்லு சவரி."

"அந்த ஷட்டரு விஷயந்தாங்கண்ணா. அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. ரெண்டு சுத்து நான்தான் ஏத்தி வுட்டேன். பாதியில நிக்காதுன்னு அதுக்குத் தெரியாது."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்ப எதிர்க்கதான நின்னுட்டிருந்த? வந்து புடிக்கறதுதான?"

"ஆத்தா வந்துட்டிருந்தாங்க. குறுக்க எப்பிடிங்க வர்றது?"

சரியான பதிலைக் கேட்டால் மனிதனுக்குக் கோபம் ஆறுவதற்குப் பதில் ஏறுவதும் உண்டு.

"ஊரே எங்கம்மாவுக்குப் பாதி சாத்துச்சு. எங் கட்டடம் தொறந்துக்கிட்டுப் பல்லக் காட்டுது. கருமாதிக்கு வந்தவனெல்லாம் சோத்தத் தின்னுட்டு இதத்தான் பேசிட்டுப் போனான். தெரியுமா ஒனக்கு?"

"அது ஸ்பிரிங்கு பண்ண வேலைங்கண்ணா."

"ஸ்பிரிங்கயாய்யா பேசுவாங்க?"

சவரி தலையைக் குனிந்துகொண்டார். சென்னப்பன் ஒரு தீர்ப்பைச் சொன்னார். அதைப் பல நாள் யோசித்து வைத்திருந்தார் என்பது அவர் தடுமாறாமல் சொன்னதிலேயே தெரிந்தது.

"ஏத்துன முறுக்க நீயே எறக்கி வுடு. பாதியில வுட்டா பாதியில நிக்கணும். புது ஸ்பிரிங்கு, மோட்டாரு ஒண்ணும் வாணாம். என் ஷட்டருல இனி யாரும் எதையும் மாத்தக்கூடாது. அந்தப் பொண்ணக் காலி பண்ணுன்னு நான் சொல்லல. பொம்பளையத் தொரத்துனான்னு எனக்குப் பேரு வாணாம். ஆனா கடைன்னா தெனம் தொறக்கணும். ஒரு நாளு மூடிக் கெடந்தாலும் சாமானத்த எடுத்துக்கச் சொல்லிரு."

அதாவது, அவளாகவே போய்விட வேண்டும். தூக்க முடியாத ஷட்டரை அவளுக்கு எதிரில் மூடி வைத்துவிட்டு, திற என்று சொல்லிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முறுக்கை இறக்கச் சவரி ஸ்டூலில் ஏறியபோது பானுமதி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போல்ட்டை உருவியதும் ஸ்பிரிங்கின் பலம் முழுவதும் ரெஞ்சு வழியாக அவர் இடது தோளில் வந்து உட்கார்ந்தது. முறுக்கும்போது கை கொடுத்ததை விடும்போது ஸ்பிரிங் அப்படியே திருப்பித் தருகிறது. அதில் அதற்கு எந்தக் கள்ளமும் இல்லை. ஆனால் திரும்ப வருவதைக் கை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. தடுத்துத் தடுத்து வீணாக்கத்தான் முடியும். ஏற்றும்போதும் கைதான் வலிக்கிறது, இறக்கும்போதும் கைதான் வலிக்கிறது. இரண்டு சுற்றையும் இறக்கி முடிக்கையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார். நின்றது. யார் வேண்டுமானாலும் இனி நிம்மதியாகச் சாகலாம். பாதிக்குக் கீழே கொண்டுபோனால் கையை உதறிக்கொண்டு விழுந்தது. தரையிலிருந்து தூக்கினால் பழையபடி பிணமாகக் கனத்தது.

"அண்ணா, நான் எப்பிடித் தொறக்கறது?" என்றாள் பானுமதி.

"பாத்துக்கலாம்மா."

முதலில் பக்கத்து மெடிக்கல் கடை மதியழகன் தூக்கிக் கொடுத்தான். அவனும் சென்னப்பனின் வாடகைக்காரன். சென்னப்பன் அவனை ஒன்றும் சொல்லவில்லை. "என்னாப்பா, காலையிலயே சமூக சேவையா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாளிலிருந்து மதியழகன் கடைக்குத் தாமதமாக வரப் பழகிக்கொண்டான். அவன் வராத முதல் காலையில் பானுமதி தானே குனிந்து ஷட்டரின் அடியில் கையைக் கொடுத்தாள். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். டீக்கடையிலிருந்து சவரி இந்தத் தடவை தெருவைத் தாண்டி ஓடினார். குறுக்கே யாரும் செத்துப்போய் வரவில்லை.

அவர் ஷட்டர் தூக்குகிற முறை விநோதமானது. குந்தி உட்கார்ந்து, இடது உள்ளங்கையை அடிப்பட்டையில் கொடுத்து, மடங்காத வலது கையைக் கட்டைபோல அதன் கீழே நுழைத்து, இடுப்பால் எழுந்து நிற்பார். சாயங்காலம் இறக்குவது இன்னும் மோசம். இறக்குவது என்பது சரியில்லை. விழ நினைப்பதை விழாமல் பிடித்துக்கொண்டே தரைவரைக்கும் கூடவே குனிவார். முடித்ததும், "வர்றம்மா" என்பார். அவள், "டீ சொல்லட்டாண்ணா?" என்பாள். "இப்பத்தான் குடிச்சேன்" என்பார். மறுநாளும் இதே மூன்று வாக்கியம்.

டீக்கடையில் விடுவார்களா?

"என்னா சவரிண்ணா, பேன்சி ஸ்டோருக்கு மொதலாளி ஆயிட்டாப்பல இருக்குது?"

"ஆமாப்பா. ஷட்டருக்கு மட்டும்."

"உள்ளார பங்கு இல்லியா?"

"உள்ளார வளையலு. என் கைக்குப் பத்தாது."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதோடு முடிகிற விஷயமா அது? புருஷன் விட்டுப்போன பெண்ணின் கடையை ஒரு ஆண் தினமும் திறந்துவிடுகிறார் என்றால், ஊர் அதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் கையிருப்பில் வைத்திருக்கிறது.

அருள்ராணி அந்தக் காரணத்தை நம்பவில்லை. நம்பியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பார். நம்பாததால் சண்டை முடியவே இல்லை.

"ஊருக்கெல்லாம் தொறந்து வுடற. நம்ம வூட்டுக் கதவு கீலு அத்துத் தொங்குது, அது கண்ணுக்குப் பட்டுச்சா?"

"பண்றேன் அருளு."

"பெரிய வெள்ளிக்கெழம கூடப் போற. ஞாயித்துக்கெழமப் பூசையில பிரசங்கத்துல எந்திரிச்சி ஓடற. ஃபாதரு எங்கிட்டக் கேக்கறாரு, 'அவருக்கு நான் பேசறது புடிக்கலியா'ன்னு. நான் என்னாத்தச் சொல்றது?"

"புடிக்குதுன்னு சொல்லு."

"நீ முறுக்குன, நீ எறக்கிட்ட. அதோட ஆச்சி. ஒலகத்துல ஷட்டரு பண்றவன் எல்லாம் தெனம் வந்து தூக்கியும் வுடறானா?"

அருள்ராணி சொல்வது எப்போதுமே சரியாக இருந்தது. அவர் செய்ததற்கு அது எப்போதுமே சம்பந்தமில்லாமலும் இருந்தது.

காலையிலும் சாயங்காலமும் பொம்மிடியில் நின்றாக வேண்டும் என்று ஆனதும், வெளியூர் வேலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மொரப்பூருக்கு விடிகாலை ரயிலில் போக முடியவில்லை. சித்தேரியில் ஒரு கடைக்குக் கூப்பிட்டார்கள். மலை பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் இறங்குவது நிச்சயமில்லை என்று மறுத்துவிட்டார். அரூர்ப் பக்கமிருந்து பட்டனை அமுக்கினால் ஏறி இறங்குகிற மோட்டார் ஷட்டர் போடும் பையன்கள் வந்தார்கள். அவர்களுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன. அவற்றைக் கொண்டு பட்டனை அமுக்கிக் காட்டினார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் அந்தோணி பிரகாஷுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜெனிஷா என்று பெயர் வைத்தார்கள். மருமகளும் வேலைக்குப் போகிறவள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அப்பா அம்மா இரண்டு பேரும் வந்துவிட வேண்டும் என்று மகன் கூப்பிட்டான். அருள்ராணி ஒரே நாளில் பெட்டியைக் கட்டினார். சவரியின் சட்டைகளையும் சேர்த்து மடித்து வைத்தார். சவரி அவற்றை எடுத்து ஆணியில் திரும்ப மாட்டினார். அருள்ராணி தனியாகவே பஸ்ஸேறினார்.

மகன் போனில் கத்தவில்லை. "ஏம்ப்பா, அந்தக் கடைக்கி ஒரு ஆளு பாத்து வுட்டுட்டு வாயேன்" என்றான்.

"பாத்தேன்டா. யாரும் ரெண்டு வாரத்துக்கு மேல வர்றதில்ல."

"ஒரு நாளாச்சும் வந்து பேத்தியப் பாத்துட்டுப் போ."

"வர்றேன். ஒரே நாள்ல போய்த் திரும்பற மாரி பஸ்ஸு பாக்கறேன்."

காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கிளம்பினால், சாயங்காலத்துக்குள் திருப்பூர் போய்ப் பொம்மிடிக்குத் திரும்ப முடியாது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் முடியவில்லை. பேத்தி தவழ்ந்ததையும் நடந்ததையும் செல்போனில் பார்த்தார். குழந்தை பேசப் பழகியதும், அந்தச் சின்ன வெளிச்சத்துக்குள் இருந்துகொண்டு, "இது யாரு?" என்று கேட்டது.

வீட்டில் தனியாகச் சமைத்துத் தின்றார். கீல் அறுந்த கதவை மாட்டவில்லை. கதவைப் பற்றிப் பேச இப்போது வீட்டில் ஆள் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் வலது முழங்கை வீங்கிக்கொண்டது. கூடவே, இத்தனை நாள் இரண்டு கை வேலையையும் ஒற்றையாகச் செய்த இடது தோளும் மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் ஷட்டர் பாதியில் இரண்டு தரம் நின்று நின்று ஏறியது. பானுமதி பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் இறக்கி முடித்ததும் அவள் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவில்லை.

"அண்ணா, போதும். நான் கடைய வுட்டுடறேன்."

சவரி தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "வுட்டுட்டு?" என்றார்.

"எதாச்சும் கம்பெனிக்குப் போறேன். எத்தன பொம்பளைங்க போவுல?"

"பகல் முச்சூடும் நிக்கணும். ஒன் வயிறு தாங்காது."

"ஒங்க கை தாங்குதா?"

மழைத்தூறல் ஷட்டரின் தகட்டில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. எதிரே டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இவர்களைப் பார்த்தார், பிறகு பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார்.

"ஒங்க வூட்டுக்காரம்மா அங்கருந்தே என்னியத் திட்டறாங்க. ஊரு ஒங்களத் திட்டுது. பேத்தி மூஞ்சியப் பாக்காம இங்க கெடக்கறீங்க. நான் ராத்திரி படுத்தா இதான் வந்து நெஞ்சுல குந்துது. சென்னப்பண்ணங்கிட்டக் கூட எனக்குக் கோவம் இல்லண்ணா. ஒங்ககிட்டத்தான் கோவம் வருது."

"வரட்டும்" என்றார் சவரி.

"அன்னைக்கு ரெண்டு சுத்து ஏத்துங்கன்னு கேட்டது நானு."

"கேட்டது நீ. பாதியில நிக்காதுன்னு தெரிஞ்சது எனக்கு."

"தெரிஞ்சா என்னா? தெரிஞ்ச பாவத்துக்கு சாவற மட்டும் தூக்குவீங்களா?"

சவரி இதை உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். நல்ல கேள்வி. இவ்வளவு நாளில் அருள்ராணி உட்பட யாரும் இவ்வளவு நேராக அதைக் கேட்கவில்லை. பதில் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காததைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"சாவியக் குடு. பூட்ட வேணாமா?" என்றார்.

அவள் கொடுக்கவில்லை. தானே குனிந்து பூட்டினாள். குனிந்து நிமிர்வதற்கே அவளுக்கு ஷட்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு, திரும்பிப் பார்க்காமல் போனாள். மறுநாள் காலையில் வரமாட்டாள் என்றுதான் சவரி நினைத்தார். டீக்கடை வழியாகச் செய்தி எட்டிச் சென்னப்பனும் அதை எதிர்பார்த்துத்தான் கட்டடத்து மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. சாவியை நீட்டினாள். செல்போன் கடைக்காரர் கடைசியில் வேறு தெருவில் இடம் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கடை பானுமதியிடமே இருந்தது. சவரி தினமும் காலையில் அதன் ஷட்டரைத் தூக்கினார், சாயங்காலம் விழாமல் பிடித்து இறக்கினார்.